மோதல் மாமு இடித்த பூமி

ராயபுரத்தில் நிலா உதிப்பதே மோதல் மாமுவின் முன் அனுமதி பெற்றுத்தான் என்று எங்கள் தெருவினர் நம்பிவந்தனர். நானும் அதை முற்றாக மறுத்ததில்லை.

மனிதர் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்களைப் பழுதுபார்த்து ஓய்ந்தவர். கைப்பேசியில் ஏதோ ஒரு விஞ்ஞான உரையைக் கேட்ட நாள்முதல், கோள்கள் மோதிய கதையைத் தவிர வேறெதையும் பேச மறுத்தார். இயற்பெயர் ரேஷன் கடைக்கு மட்டுமே தெரியும்.

பாயின் தேநீர்க் கடை வாசலே அவருக்கு மேடை. துறைமுக அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற நான் கடைவாசல்களில் நின்று பேசும் வழக்கமுடையவன் அல்லன். ஆயினும் அவர் குரல் இரண்டு கட்டடங்களுக்கு அப்பாலேயே என்னைப் பிடித்துவிடும்.

“சார், பூமி சின்னப் புள்ளையா இருந்தப்போ செவ்வா சைசுக்கு ஒண்ணு வந்து இட்ச்சுது. தெறிச்சது நிலாவாச்சு. அத்த எல்லாரும் சொல்றான். உள்ள போன சூடு இன்னாச்சு? அத்த எவனாவது கேக்கறானா?”

எவரும் கேட்கமாட்டார், அவரே சொல்வார். அந்தச் சூடு பூமியின் நடுக்கருவில் தங்கி, பல கோடி ஆண்டுகள் கழித்து மேலெழுந்து, மேலோட்டைக் கீழிருந்தே பிளந்ததாம். ஒரு துண்டு மற்றொன்றின் அடியில் வழுக்கி இறங்க, நிலத்தட்டுகள் நகரத் தொடங்கினவாம். இமயமலையே அந்த ஒரே அடியின் விளைவு! ஆய்வாளர் சிலர் மெய்யாகவே இவ்வாறு கருதுகின்றனர் என்று விசாரித்து அறிந்தேன். வேறு சிலர் ஏற்கவில்லை என்பதையும் அறிந்தேன். இரண்டாவதை மாமுவிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

பாய்க்குத்தான் பெரும் தொல்லை. ஒற்றைத் தேநீரோடு அமர்ந்தவர் எவரும், பூமி ஆறி ஓடு கட்டும்வரை பெஞ்சைவிட்டு எழ முடியவில்லை. ஆகவே ஒரு நிபந்தனை விதித்தார். எல்லார் கண்ணெதிரிலும் மாமு அந்தப் பிளவைச் செய்துகாட்ட வேண்டும். காட்டினால் தெருவுக்கே இலவசத் தேநீர். தவறினால் கடைவாசலில் இனி மாமு கிரகப் பேச்சே எடுக்கக் கூடாது.

“அப்பால பேச்சு மாறக்கூடாது மாமு.”

“பேசாத இருக்கறதுக்கு நா மூச்சு வுடாம இருந்துடலாம் பாய். ஒத்துக்கினேன்.”

ஆடி மாதம். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடித்த அண்டாவை மாமு இரவல் வாங்கி, அதில் தாமே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, நடுத்தெருவில் வைத்தார். கூழ் ஆறி, மேலே ஏடு படிந்தது. அதுதான் இளம்பூமி. ஓர் இரும்பு உருண்டையைப் பட்டறை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியால் மெல்ல உள்ளே நழுவவிடுவது திட்டம். உள்ளே போன சூடு ஏட்டைக் கீழிருந்து கிழிக்க வேண்டும். தலைமை தாங்க என்னை அழைத்தனர். சலவை வேட்டியில் முன்வரிசை நாற்காலியில் அமர்ந்தேன்.

கூட்டத்தைக் கண்டதும் மாமுவுக்கு உற்சாகம் தலைக்கேறியது. மெல்ல நழுவவிடுவது அவருக்குப் போதவில்லை. இடுக்கியும் உருண்டையுமாகப் பக்கத்துக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறிவிட்டார்.

“மாமு, எறங்கு. அது கோயில் அண்டா, பூமி இல்ல,” என்றார் பாய்.

“வந்து இட்ச்சது செவ்வா சைசு பாய். முழங்கை ஒசரத்துலருந்தா வந்துருக்கும்?”

மேலிருந்து அவர் விட்ட உருண்டை கூழைத் தொடவேயில்லை. அண்டாவின் விளிம்பில் மோதி, சாக்கடையில் விழுந்து சீறியது. இளம்பூமி குப்புறக் கவிழ்ந்தது. அதன் பெரும்பகுதி என் வேட்டியில் புதிய கண்டங்களாகப் பரவிற்று. தெரு சிரித்து ஓய வெகுநேரமாயிற்று.

மாமு வாக்குத் தவறவில்லை. வருவார், தேநீரைக் குடிப்பார், போவார். அவ்வளவே. பேச்சில்லாத கடைக்கு ஆள்வரத்தும் குறைந்தது. ஒருநாள் பாய் என்னை வழிமறித்தார்.

“பேஜாரா கீது சார். நா சொன்னத நானே எப்டி மாத்தறது?”

நான் யோசித்தேன். நிபந்தனை மாமு தாமாகப் பேச்செடுப்பதைத்தான் தடுத்தது. கேட்டவர்க்குப் பதில் சொல்வதை அன்று. அன்றைய நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கியவன் என்ற முறையில், இவ்வாறு தீர்ப்பளிக்கும் உரிமை எனக்கிருந்தது. சென்று, ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு, தெருவே பார்க்க, மாமுவின் அருகில் பெஞ்சில் அமர்ந்தேன்.

“வெள்ளி கிரகத்துல மட்டும் இந்தத் தட்டுகள் ஏன் நகரல?” என்று கேட்டேன்.

மாமு பாயைப் பார்த்தார். பாய் அடுப்பைப் பார்த்தார்.

“வெள்ளியா சார்?” மாமு குவளையைக் கீழே வைத்தார். “அது பெரிய கத. அத்த இன்னும் வேகமா வந்து இட்ச்சிருக்கும்ன்றான்...”

என் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.