ஆஸ்டர் பூக்களுக்காக ஒரு கண்டனக் கூட்டம்

ஒரு காட்டில், செல்போன் கோபுரத்துக்குப் பின்னால், பவளம் என்ற முயல் குடியிருந்தது. தன் வளைக்குப் பின்புறம் பாத்தி கட்டி அது சைனா ஆஸ்டர் பூச்செடி வளர்த்தது. நாற்றைப் பிரித்து நட்டது, நுனி கிள்ளியது, சாயாமல் குச்சி கட்டியது. ஒரு முயல் தன் தோட்டத்தில் எதையும் தின்னாமல் நாலு மாதம் இருந்ததே காட்டில் பெரிய செய்திதான்.

பூக்கள் ஊதாவும் வெள்ளையுமாக மலர்ந்தன. ஒருநாள் காலை, வெயில் ஏறுமுன், பவளம் நாலைந்து பூக்களை நீளக் காம்போடு வெட்டி வாளித் தண்ணீரில் வைத்தது. மேலே பறந்த காக்கை அதை வீடியோ எடுத்தது. காக்கை, தாவர வதைத் தடுப்புச் சங்கத்தின் செயலாளர்.

'கழுத்தை வெட்டி வாளியில் போடும் கொடூரம்' என்ற தலைப்பில் அந்த வீடியோ மதியத்துக்குள் காடெங்கும் சுற்றியது. மான்கள் புல் மேய்ந்தபடியே பார்த்துக் கண்கலங்கின.

சங்கத் தலைவர் புலி. பிறந்ததிலிருந்து ஓர் இலையைக்கூடக் கடித்ததில்லை என்பதுதான் அவருடைய தகுதி. ஞாயிற்றுக்கிழமை கண்டனக் கூட்டம், கூட்டம் முடிந்ததும் யானையை விட்டுப் பாத்தியை மிதிக்கச் செய்வது என்று அவர் அறிவித்தார்.

பவளம் விளக்கக் கடிதம் எழுதி, மூன்று பிரதி எடுத்து, சங்க அலுவலகத்தில் வரிசையில் நின்று கொடுத்தது. மூன்றிலும் முத்திரை விழுந்தது. ஒன்றைக்கூட யாரும் படிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை காக்கை தனியாக வந்தது.

"அக்கா, இருக்கீங்களா?"

"மிதிக்க இப்பவே வந்துட்டீங்களா?"

"சேச்சே, அது நாளைக்கு. பக்கத்துக் காட்டுச் சிங்கம் சிறப்பு விருந்தினரா வர்றாரு. வெறுங்கையோட எப்படி வரவேற்கறது? பன்னெண்டு பூங்கொத்து வேணும். தலைவருக்கு மட்டும் கொஞ்சம் பெருசா."

பவளத்தின் மீசை துடித்தது. "பூவை வெட்டக் கூடாதுன்னுதானே கூட்டமே?"

"ஆமா. அந்தக் கூட்டம் சிறப்பா நடக்கணும்ல?"

"வெட்டாம எப்படிக் கொத்து கட்டறது?"

"அதை நீங்க பாத்துக்குங்க. நான் பாக்க மாட்டேன்," என்று காக்கை திரும்பி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் விடியலில் பவளம் ஒரு பூ விடாமல் வெட்டியது. கீழ் இலைகளை உருவிப் பன்னிரண்டு கொத்து கட்டியது.

மேடையில் புலி தன் கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "இந்தப் பிஞ்சுகள் யாருக்கு என்ன தீங்கு செய்தன?" என்று கேட்டுவிட்டு அதில் முகம் புதைத்து அழுதார். சிங்கம் தன் கொத்தால் ஈ விரட்டியது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

யானை பாத்தியில் கால்மணி நேரம் மிதித்தது. பவளம் ஓரமாக நின்று அழுதது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, அக்கா. பதிவாகல," என்றது காக்கை.

பவளம் சத்தமாகவே அழுதது. ஆஸ்டர் செடி ஒரு பருவம் பூத்தால் அதோடு சரி. மறுபடி அதே மண்ணில் விதைத்தால் வாடல் நோய் வந்து பாத்தியே சாயும். வேறு இடம் கிடைக்காதா என்றுதான் அது பத்து நாளாகத் தூங்காமல் கிடந்தது. இது யானைக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்ததும் புலி பவளத்தை ஓரமாக அழைத்தார்.

"நாலு மாசத்துல நம்ம சங்கத்தோட பெரிய மாநாடு. கொத்து அம்பது வேணும்மா."

"பாத்திதான் போயிடுச்சுங்களே, தலைவரே."

புலி காக்கையைப் பார்த்தார். காக்கை ஆகாயத்தைப் பார்த்தது.

"சங்க அலுவலகத்துக்குப் பின்னாடி, ஊற்றோரமா நல்ல மண்ணு சும்மாதான் கிடக்கு," என்றார் புலி.

இப்போது பவளத்தின் ஆஸ்டர் அங்கேதான் வளர்கிறது. வேலியில் சங்கமே ஒரு பலகை மாட்டியிருக்கிறது: 'பூக்களைப் பறிக்காதீர்கள்.' அதனால் வேறு யாரும் பறிப்பதில்லை.

நீதி: உன்னைக் கண்டித்துக் கூட்டம் போட்டால் கலங்காதே; மேடைக்குப் பூங்கொத்து யார் தருகிறார்கள் என்று விசாரி.