பித்தநீர் எந்தத் துறை?

துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டுகிறவருக்குச் சர்க்கரை நோய் இருக்கக்கூடாது என்பது குவைத்தில் எங்கள் அலுவலக விதி. எங்கள் கேப்டன் மிஜ்பிலுக்கு இருந்தது. அவரைக் கரையில் இறக்கி, கயிற்றுக் கிடங்கில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். இருபது வருடம் கடலில் இருந்த மனிதர் ஜன்னல் வழியாகத் தன் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலில் அவருக்கு உதவியாளனான எனக்கு மனசு கேட்கவில்லை.

“எல்லாரும் வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கிறாங்களே, சர்க்கரையும் போயிடுதாம். நீங்களும் பண்ணிக்குங்க,” என்றேன்.

எங்கள் திவானியா என்ற அரட்டைக் கூடத்தில் மாலை கூடுகிறவர்களில் வயிற்றைச் சுருக்கிக் குடலை மாற்றித் தைத்துக்கொள்ளாதவர்கள் நாங்கள் இருவர்தான். எங்களுக்கு மரியாதையே குறைந்துபோயிருந்தது. மிஜ்பில் அரசு மருத்துவமனைக்குப் போனார்.

“ஆறு கிலோ பத்தலைங்க. ஏத்திட்டு வாங்க,” என்றார் எடை பார்த்தவர்.

“இளைக்கத்தானேப்பா வந்திருக்கேன்?”

“இளைக்கணும்னா முதல்ல குண்டாகணும். விதி அப்படி.”

திவானியாவே கடமையில் இறங்கியது. ஆட்டுக்கறி மச்பூஸ் சோறு தாம்பாளம் தாம்பாளமாக வந்தது. ஒரே மாதத்தில் மிஜ்பில் அமோகமாகத் தேறினார்.

அறுவை சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாள் சர்க்கரையைக் காணோம். எடையோ இரண்டு கிலோதான் இறங்கியிருந்தது. குடலை மாற்றித் தைத்ததில் பித்த அமிலங்கள் ரத்தத்தில் கூடி, உடம்பு இளைப்பதற்கு முன்பே சர்க்கரையை அடக்கியிருக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு சான்றிதழ் அதிகாரி ஷுஐபைப் பார்க்கப் போனோம்.

“முப்பது கிலோ இளைச்ச பிறகுதான் சர்க்கரை போகணும்னு படிவத்துல இருக்கே. யாரைக் கேட்டுப் போச்சு?”

“பித்தநீர் செஞ்ச வேலைங்க,” என்றார் மிஜ்பில்.

“பித்தநீர் எந்தத் துறை?”

“ஈரல்ல சுரந்து குடலுக்கு வருதாம்.”

“ஈரல் பொது மருத்துவம். குடல் அறுவை சிகிச்சை. ஒரு கடுதாசிகூட இல்லாம இங்கேர்ந்து அங்க போயிருக்கா?” ஷுஐப் உண்மையிலேயே கலங்கிவிட்டார்.

“உள்ள போய் அதுகிட்ட கையெழுத்து வாங்கவா முடியும்?” என்று நான் எரிந்து விழுந்தேன்.

சான்றிதழ்க் குழு கூடியது. ‘மேற்படி நபரின் சர்க்கரை முறையற்ற வகையில் நீங்கியிருப்பதால், அது நீங்கவில்லை எனக் கருதப்படும்’ என்று ஆணை வந்தது. இல்லாத நோய்க்கு மாதாமாதம் ஊசிமருந்தும் வந்தது. மிஜ்பில் கிடங்கு நாற்காலிக்கே திரும்பினார்.

கப்பலுக்குக் கேப்டன் வேண்டுமே. ஷுஐப் என்னைக் கூப்பிட்டார்.

“உங்க பேர்ல சர்க்கரை ஃபைல் ஏதாவது இருக்கா?”

“இல்லீங்க. நான் ரத்தமே கொடுத்துப் பாத்ததில்ல.”

“அப்ப பூரண ஆரோக்கியம்!” என்று முத்திரை குத்தினார்.

இப்போது நான்தான் கேப்டன். கொஞ்ச நாளாகத் தாகம் அடங்குவதில்லை. கால் புண் ஆறமாட்டேன் என்கிறது. “டேய், ஒரே ஒரு தடவை ரத்தம் பாருடா!” என்று மிஜ்பில் கரையிலிருந்து கத்துகிறார். பாவம், நோயாளி. கப்பலில் இருக்கும் நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம். எங்களில் ஒருவருக்கும் ஃபைல் கிடையாது. எதிரே எண்ணெய்க் கப்பல் வருகிறது. ஒன்றா, இரண்டா என்று யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.