கருங்கல் குழுவின் பாடகரை நான் காப்பாற்றிய விதம்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு மனிதரைத்தான் கம்பால் அடித்திருக்கிறேன். அப்போது அவர் மேடையில் பாடிக்கொண்டிருந்தார். பாட்டுப் பிடிக்காமல் அடித்தேன் என்று ஓசூரில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். அது பாட்டு என்றே எனக்குத் தெரியாது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஓசூரில் இரும்புத் தகடுகளை அடித்து வளைக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் நான் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் போடாத ஆட்கள் என்னைக் கண்டால் கழிப்பறைக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். இந்த வேலையால் வந்த வியாதி ஒன்று உண்டு. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வெளியேறும் வழி எது, தீயணைப்பான் எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே என்று கண் தானாகத் தேடும். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் மணப்பெண்ணைப் பார்க்காமல் மண்டபத்து ஒயரிங்கைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். முப்பத்தொரு வயதாகியும் இவளுக்கு ஏன் வரன் அமையவில்லை என்று பர்கூரில் என் அப்பா ஜோசியரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

இந்த லட்சணத்தில்தான் சிவராஜ் பெண் பார்க்க வந்தார். ராயக்கோட்டைக்காரர், ஓசூரில் வேறொரு கம்பெனியில் டூல் ரூம் வேலை. காபி டம்ளரை வாங்கிக்கொண்டு, "உங்க வேலையில என்னங்க கஷ்டம்?" என்று கேட்டார். அவ்வளவுதான். ரிப்பேர் நடக்கும்போது மெஷினைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியதன் அவசியம் பற்றி இருபது நிமிடம் பேசினேன். மனிதர் கொட்டாவி விடவில்லை. நடுவில் இரண்டு சந்தேகம் வேறு கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. ரொம்பவே பிடித்துப்போய்விட்டது.

கிளம்பும் முன் வாசல் பக்கம் தனியாக நின்று சொன்னார்.

"ஒண்ணு முன்னாடியே சொல்லிடறனுங்க. நானு ஒரு பேண்டுல டிரம்ஸ் வாசிக்கறேன்."

"கல்யாண பேண்டுங்களா?"

"இல்லீங்க, ராக். கொஞ்சம் சத்தமா இருக்கும்."

"எத்தனை டெசிபல்?"

"அளந்ததில்லீங்க. போன தடவை ஒரு பொண்ணு வீட்டுல எங்க வீடியோவப் பாத்துட்டு, பையனுக்கு அடிக்கடி சாமி வருமான்னு கேட்டாங்க. அதுக்கு முந்தின எடத்துல நேர்லயே வந்தாங்க. பாதியில எந்திரிச்சு ஓடிட்டாங்க. ஆனா என்னால இத விட முடியாதுங்க. வர்ற ஞாயித்துக்கெழம மத்தியானம் கிளப்புல வாசிக்கறோம். வந்து பாருங்க. புடிக்கலைன்னா சொல்லிடுங்க, தப்பா நெனைக்கமாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தாலும் எழுந்து ஓடக்கூடாது என்று சபதம் செய்துகொண்டேன். (ஓடவில்லை. அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.)

துணைக்கு என் அண்ணி பத்மா வந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பத்திலிருந்து வந்தவள். பயந்தால் தெலுங்கு, கோபம் வந்தால் தமிழ். கிளப் என்றதும் வண்ண விளக்கும் கண்ணாடி டம்ளருமாகக் கற்பனை செய்து, பட்டுச் சேலை கட்டி வந்திருந்தாள். போய்ப் பார்த்தால், கீழே பெரியவர்கள் பனியனோடு ரம்மி ஆடுகிறார்கள். பின்பக்கம் ஷட்டில் கோர்ட். மாடியில் சீமந்தம், காதுகுத்து நடக்கிற ஹாலில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி மேடை போட்டிருந்தார்கள். பின்சுவரில் யாருடைய நிச்சயதார்த்தத்துக்கோ ஒட்டிய தெர்மோகோல் இதயம் அப்படியே இருந்தது.

நான் வழக்கம்போல் ஹாலை ஒரு நோட்டம் விட்டேன். வெளியேற ஒரே வழி. தீயணைப்பான் காலாவதி. மேடைக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஒரு சின்ன அறை, அதில் மெயின் சுவிட்ச், மூலையில் மூங்கில் ஒட்டடைக் கம்பு. கைப்பையிலிருந்து ஆரஞ்சு நிறக் காது அடைப்பான்களை எடுத்து, எனக்கொரு ஜோடியும் அண்ணிக்கொரு ஜோடியும் மாட்டினேன். தொழிற்சாலையில் போடுகிறதுதான், இரண்டையும் இணைத்து ஒரு கயிறு தொங்கும். பட்டுச் சேலைக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை.

முதலில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு குழு வாசித்தது. நான்கு பேரும் குதித்தார்கள், முடியைச் சுழற்றினார்கள். எதிரே நின்ற பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் பிரஸ் மெஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. எனக்கு அது பழக்கம்தான், தினமும் எட்டு மணி நேரம் அந்த அதிர்வில்தான் நிற்கிறேன். அண்ணி மட்டும் "தேவுடா, தேவுடா" என்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா, இதற்கா ஓடினார்கள் என்று நான் மிதப்பாக உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து சிவராஜின் 'கருங்கல்' குழு ஏறியது. பாடகர் மஞ்சுநாத். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் வந்து, ஓசூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணையில் ஏற்றுமதிப் பூக்களைக் கட்டுகளாகக் கட்டுகிறவர். ஆரம்பிக்கும் முன் கீழே இறங்கி வந்து, "அக்கா, ஊட்டா ஆய்த்தா?" என்று நாங்கள் சாப்பிட்டோமா என விசாரித்துவிட்டுப் போனார். அவ்வளவு சாது.

இரண்டு பாட்டு ஒழுங்காகப் போனது. மூன்றாவதில் மஞ்சுநாத் செருப்பைக் கழற்றி எறிந்தார். தண்ணீர் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். தரையெல்லாம் ஈரம். வெறுங்கால். இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்தார்.

பிடித்தவர் விடவில்லை. முதல் குழுவைப் போல் குதிக்கவும் இல்லை. மரம் மாதிரி விறைத்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் மேலே சொருகியது, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நடுங்கினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதில் மொழியே இல்லை.

எங்கள் கம்பெனியில் மின் அதிர்ச்சி பற்றி நான் வகுப்பெடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஈரத் தரை, வெறுங்கால், விட முடியாத பிடி, விறைப்பு, நடுக்கம், அலறல். நான் காட்டிய படத்தில் இருந்த ஆறும் இவரிடம் இருந்தது. படத்தில் இருந்தவனைவிட இவர் தெளிவாகக் காட்டினார்.

எதிரே கூட்டத்தைப் பார்த்தேன். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு எல்லோரும் துடிக்கிறார்கள். தொட்டவர்களுக்கெல்லாம் பாய்கிறது! சிவராஜைப் பார்த்தேன். அவர் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து என்னை நேராகப் பார்த்து, கண்ணை உருட்டி, தலையை மேலும் கீழும் ஆட்டினார். உதவி கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். வராது வந்த மாப்பிள்ளை, கண்ணெதிரே போகிறார்.

ஓடினேன். பக்கத்துக் கதவைத் திறந்து மெயினை இழுத்தேன். ஹால் இருட்டானது. கிட்டார்கள் நின்றன. மஞ்சுநாத்தின் அலறல் மட்டும் நிற்கவில்லை. (கண்ணை மூடி லயித்துப் பாடுகிறவருக்குக் கரண்ட் போனது எப்படித் தெரியும்?) நான் என்ன நினைக்கவேண்டும்? வேறு ஏதோ லைனிலிருந்து பாய்கிறது என்று நினைத்தேன். பாதிக்கப்பட்டவரைக் கையால் தொடக்கூடாது, காய்ந்த மரக்கம்பால் தள்ளிவிட வேண்டும். காய்ந்த மூங்கில் கையருகிலேயே இருந்தது.

வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது தள்ளுவதற்குத்தான். பதற்றத்தில் அது அடியாகிவிட்டது. முழங்கைக்குக் கீழே ஒன்று, தோளில் ஒன்று. மைக் பறந்தது. மஞ்சுநாத் பின்பக்கமாகச் சரிந்து பெரிய டிரம்முக்குள் உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து விளக்கு வந்தது. தானாக ஓடுகிற ஜெனரேட்டர் கீழே இருப்பதை நான் யோசிக்கவில்லை. (பாதுகாப்பு அதிகாரிக்கு இதைவிடக் கேவலம் கிடையாது. முதல் நோட்டத்திலேயே அதைப் பார்த்திருக்க வேண்டும்.) ஓங்கிய கம்பும், காதில் ஆரஞ்சுக் கயிறும், தலையெல்லாம் ஒட்டடையுமாக மேடை நடுவில் நின்றுகொண்டு, "யாரும் அவரைத் தொடாதீங்க! கரண்ட் இருக்குது!" என்று கத்தினேன்.

மஞ்சுநாத் டிரம்முக்குள் இருந்தபடியே என்னைப் பார்த்தார். "யாக்கெ அக்கா ஹொடெத்ரி?" ஏன் அக்கா அடித்தீர்கள் என்று கேட்டார், கோபமே இல்லாமல். அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

கீழே ரம்மி ஆடிக்கொண்டிருந்த பெரியவர்கள் மேலே ஏறி வந்துவிட்டார்கள். ஒருவர் சீட்டை மற்றவர் பார்த்துவிடாதபடி எல்லோரும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி மேனேஜரிடம் சத்தம் போட்டார்கள். மேனேஜர் சிவராஜிடம் சத்தம் போட்டார். இனிமேல் அந்த கிளப்பில் பேண்ட் என்ற பேச்சே கிடையாது என்று முடிந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"ஏண்டி கலா, ஊர்ல யாருக்காச்சும் இந்தப் புத்தி வருமா? பாடறவன அடிப்பாங்களா? இந்தச் சம்பந்தம் அவ்ளோதான்," என்றாள். தமிழில் சொன்னாள்.

மூன்று நாள் போன் இல்லை. நானும் செய்யவில்லை, என்னவென்று சொல்வது? என் வகுப்பில் காட்டும் படத்தைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. நான்காம் நாள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே சிவராஜ் பைக்கில் சாய்ந்து நிற்கிறார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மஞ்சுக்குக் கரண்ட் அடிச்சிடுச்சுன்னு நெனச்சீங்க. செரி. எனக்கும் அடிச்சிருக்கும்னு நெனச்சீங்களா?"

"ஆமாங்க."

"அப்புறம் ஏன் அவன மட்டும் அடிச்சீங்க?"

"முறைப்படி மைக் புடிச்சிருக்கறவர்தாங்க மொதல்ல. அடுத்தது உங்களத்தான் அடிக்கறதா இருந்தேன்."

சிரித்து முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. வாட்ச்மேன் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவராஜ் சொன்னார்: "முந்தி வந்தவங்க எல்லாம் கதவப் பாத்து ஓடுனாங்க. நீங்க மேடையப் பாத்து ஓடி வந்தீங்க."

"தப்பான காரணத்துக்குத்தாங்க."

"பரவால்லீங்க. வந்தீங்க இல்ல."

கல்யாணம் ஆகி ஆறு வருடம் ஆகிறது. கருங்கல் குழு இப்போது எங்கே வாசித்தாலும் எர்த்திங் சரிபார்ப்பது நான்தான். மஞ்சுநாத் பாட ஆரம்பிக்கும் முன் என்னைத் தேடிக் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் கண்ணை மூடுவார். வீட்டில்தான் எனக்கு மரியாதை போய்விட்டது. என் மாமியாருக்குக் கோபம் வந்தால், அவர் குரலுக்கு எந்த மைக்கும் வேண்டாம். அப்போதெல்லாம் மாமனார் மெதுவாக என் பக்கம் வந்து, "ஏம்மா கலா, மெயின் எங்க இருக்குது?" என்று கேட்பார். போன வாரம் அது மாமியார் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்குக் கம்பைத் தேடியது நான் இல்லை.