ஆரம்பித்து வைப்பவர்

ஆரம்ப சூரர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ரிப்பன் கட்டிய இடத்திலெல்லாம் கத்தரிக்கோலோடு நிற்பார். வெட்டிய ரிப்பனைப் பெருக்கித் தள்ளும்போது ஆளைக் காணாது.

எங்கள் மனமகிழ் மன்றத் தலைவர் அந்த இனத்துக்கே முடிசூடா மன்னர். ஒரு நாள் திடீரென்று, சர்வதேசத் தொழில்முறை கோல்ஃப் போட்டி என்று அறிவித்தார். மைதானத்தில் ஒன்பது குழிகள்தானே, போட்டிக்குப் பதினெட்டு வேண்டுமே என்றோம். "ரெண்டு தடவை சுத்துனா பதினெட்டு!" என்றார். சர்வதேசம்? மைத்துனர் வெளிநாட்டில் இருக்கிறாரே, போதாதா?

முதல் வருடம் கொடி, தொப்பி, பேட்ஜ், குழு, உபகுழு, உபகுழுவைக் கவனிக்க இன்னொரு குழு, நூறு வெற்றியாளர்களின் பெயர் பொறிக்க இடம் விட்ட இடுப்புயரக் கோப்பை என்று அமர்க்களம். உண்மையிலேயே வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஆடினார்கள். கோப்பையை வெல்பவருக்குப் பெரிய போட்டிகளில் நேரடி இடமும் வாங்கிவிட்டார். அதற்குக் கெட்டிக்காரர்தான்.

இரண்டாம் வருடம் தொடக்க விழாவோடு நழுவினார்.

மூன்றாம் வருடம் கடைசி நாள், இருவர் சமநிலை. இன்னும் ஒரு குழி ஆடினால் தீர்ந்தது. ஆனால் விதி என்ன தெரியுமா? கூடுதல் ஆட்டத்தையும் தலைவரே முதல் பந்தடித்துத் தொடங்கிவைக்க வேண்டும். எழுதியது யார்? வேறு யார்!

தலைவரோ மாடியில், படகுப் போட்டியின் தொடக்கக் கூட்டத்தில் இருந்தார். வேலையை விட்டுவிட்டு இந்தக் கோப்பையையே நம்பி வந்த ஆட்டக்காரர், அந்த இருவரில் ஒருவர், மூச்சிரைக்க ஏறிப்போனார்.

"ஐயா, ஒரே ஒரு குழி. வந்து ஆரம்பிச்சு வைங்க. எனக்கு இதுதான் பொழப்பு."

"வாங்க தம்பி, நல்ல நேரத்துல வந்தீங்க! உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

இருட்டிவிட்டது. வென்றவர் இல்லை, பெரிய போட்டியில் இடமும் இல்லை. பணம் கொடுத்த நிறுவனம் கைகழுவியது. போட்டியின் வரலாறு அவ்வளவுதான். அந்த ஆட்டக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"என்னங்க, கோல்ஃப் என்னாச்சு?" என்று கேட்டார் தலைவரின் மனைவி.

"அதான் ஆரம்பிச்சு வெச்சாச்சே!"

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டு உடற்பயிற்சி சைக்கிளில் காயும் துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு வந்து சிரியுங்கள்.