வயிற்றுக்குள் ஒரு சிவப்பு சைக்கிள்

"மெதுவா உட்காரும்மா. ஹேண்டில்பார் வளைஞ்சிடும்."

சோபாவில் பாதி உட்கார்ந்தவள் அந்தரத்திலேயே நின்றாள். ஒன்பதாம் மாதத்தில் அந்தரத்தில் நிற்பது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. தன் வயிற்றில் இருப்பது ஒரு குழந்தை என்பது அவளுடைய நம்பிக்கை. ஒரு குழந்தையும் ஒரு சிவப்பு சைக்கிளும் என்பது ஐந்து வயது மகளின் நம்பிக்கை. வீட்டில் மகள் கட்சிக்குத்தான் பலம் அதிகம்.

மகளுக்கு வீட்டில் வக்கீலம்மா என்று பெயர். எந்தப் பதிலுக்கும் அவளிடம் ஒரு குறுக்குக் கேள்வி இருக்கும்.

வினையை ஆரம்பித்து வைத்தது மாமியார். ஆனால் கேட்டு வாங்கிக்கொண்டது இவள்தான்.

இவள் பிறந்த வீட்டில் இரண்டாவது. துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, அக்காக்காரி வரவேற்புரையாகக் கெண்டைக்காலில் ஒரு கடி கடித்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது. அக்காவின் கோபமும் அப்படியே இருக்கிறது. "நீ வந்தே, என் சீட்டு போச்சு" என்று கல்யாண மேடையில் வைத்துச் சொன்னவள் அவள். இன்றைக்கும் ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, அவளுக்கு உப்பு வேணுமான்னு கேளு" என்பாள்.

இப்போது வயிற்றுக்குள் இன்னொரு கெண்டைக்கால் வளர்கிறது. அதில் பல் படக்கூடாது. இவளுக்கு இருந்தது அந்த ஒரே கவலைதான்.

புகுந்த வீட்டுக் கதை வேறு. கணவனும் அவன் அண்ணனும் ஈருடல் ஓருயிர். அண்ணன் பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியர், வக்கீலம்மாவுக்குப் பெரியப்பா. காற்றோட்டமான பெரிய அறையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் அறையில் தான் போய் ஒண்டிக்கொண்டவர். தம்பியை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் பொங்கிவிடுவார். "அவனைச் சொல்லாதீங்க. அவன் எனக்குச் செஞ்சது எனக்குத்தான் தெரியும்." என்ன செய்தோம் என்பது தம்பிக்கே தெரியாது. கிடைத்ததை அனுபவித்துக்கொண்டு பேசாமல் இருந்தான்.

"எப்படி அத்தை ரெண்டு பேரையும் இப்படி வளர்த்தீங்க?" என்று ஒருநாள் மாமியாரிடம் கேட்டாள்.

"பெரிசா ஒண்ணும் செய்யலைம்மா. சின்னவன் வயித்துல இருக்கும்போது, 'பாப்பா உனக்கு ஒரு சாமான் கொண்டு வருதுடா'ன்னு பெரியவன்கிட்ட சொல்லி வெச்சேன். சாமான் கொண்டு வர்ற ஆளை யாராவது கடிப்பாங்களா?"

இவளும் சொல்லி வைத்தாள். மகள் ஒரு பொம்மை கேட்பாள் என்று நினைத்தாள். மகள் கண்ணை மூடி யோசித்தாள்.

"சைக்கிள். சிவப்பு. முன்னாடி கூடை."

"அவ்ளோ பெரிசா?"

"ஏன், பாப்பாவுக்கு என்மேல பாசம் இல்லையா?"

இதற்கு மேல் இந்த வழக்கில் வாதாட ஒன்றுமில்லை.

"வயித்துல எப்படிம்மா சைக்கிள் இருக்கும்?" என்று மறுநாள் குறுக்கு விசாரணை தொடங்கியது.

"அதனாலதாண்டா வயிறு இவ்ளோ பெரிசா இருக்கு."

அந்தப் பதிலைச் சொன்னபோது தன் சாமர்த்தியத்தை எண்ணி அவளுக்கே பெருமையாக இருந்தது. இருக்காதா பின்னே? ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள் அவள். "வண்டி கிளம்பிடுச்சு சார்" என்று, தயாரிக்கவே தொடங்காத மெஷினுக்கும் தேன் குரலில் சொல்வது அவளுடைய பிழைப்பு. அந்த அனுபவம் வீட்டிலும் கைகொடுக்கும் என்று நினைத்தாள்.

கொடுக்கவில்லை. மகள் விஷயத்தைப் பள்ளியில் சொன்னாள். பக்கத்து வீட்டில் சொன்னாள். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், சிரிக்கவே தெரியாத டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"சக்கரம் தெரியுதா ஆன்ட்டி?"

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். படுத்திருந்தவள் கண்ணால் கெஞ்சினாள்.

"பாப்பாவுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கு" என்றார் டாக்டரம்மா, முகம் மாறாமல்.

அவ்வளவுதான். மருத்துவச் சான்று கிடைத்துவிட்டது. மிச்சம் மீதி சந்தேகத்தோடு மகள் பெரியப்பாவிடம் போனாள். இவளும் பின்னாலேயே ஓடினாள். மனுஷர் உயிரியல் ஆசிரியர். பாடப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டால்?

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கண்டிப்பா வரும்மா. உங்கப்பா எனக்கு ரயில் கொண்டு வரலையா?" முன்னறைக் கண்ணாடி அலமாரியில் இருந்த பச்சை ரயிலைக் காட்டினார். "சாவி கொடுத்தா ஓடும். அப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான்?"

சொல்லும்போது அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. இவள் அசந்துபோனாள். மகள் போனதும், "பிரமாதமா சமாளிச்சீங்க" என்றாள்.

"இதுல சமாளிக்க என்ன இருக்கு? உள்ளதைத்தானே சொன்னேன்" என்றார் அவர்.

நடிப்பென்றால் இதுதான் நடிப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

தெருமுனை சைக்கிள் கடையில் சிவப்பு இல்லை. கடைக்காரர் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். அவள் தினமும் போன் செய்தாள்.

"வண்டி கிளம்பிடுச்சு மேடம்" என்றது தேன் குரல்.

அந்த வாக்கியத்தைப் பெற்றவளே அவள்தானே!

"எனக்கு உங்க மேலதிகாரிகிட்ட பேசணும்."

"நான்தான் ஓனர். எனக்கு மேல ஃபேன் மட்டும்தான் மேடம்."

டாக்டரம்மா சொன்ன நாளுக்கு இன்னும் நாளிருக்கிறது என்ற தைரியத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு மதிய நேரம். மறுமுனையில் வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து அடியில தண்ணியா ஒழுகுது. யாராவது வருவீங்களா, மாட்டீங்களா?"

அவள் கீழே பார்த்தாள்.

"எனக்கும்தான் சார்" என்று போனை வைத்தாள்.

கணவன் டாக்ஸியோடு ஓடிவந்தான். கம்ப்யூட்டரில் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவன் அவன். நிஜத்தில் ஆணி அடிக்கச் சொன்னால் சுவரைத் தவிர எல்லாவற்றிலும் அடிப்பான். "பயப்படாதே, மூச்சு விடு, மூச்சு விடு" என்று சொல்லிச் சொல்லி, தான் விட மறந்து வியர்த்துப்போயிருந்தான்.

"சைக்கிள் கடைக்கு விடுங்க" என்றாள் டிரைவரிடம்.

"ஆஸ்பத்திரின்னு சொன்னாங்களேம்மா?"

"சைக்கிள் இல்லாம நான் பெத்துக்க மாட்டேன்."

டிரைவர் கண்ணாடியில் கணவனைப் பார்த்தார். கணவன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான்.

கடையில் சிவப்பு சைக்கிள் ஒன்றே ஒன்று இருந்தது, வாசலுக்கு மேலே, கொக்கியில், விளம்பரத்துக்கு.

"அது பார்வைக்கு வெச்சது மேடம். கொடுக்கிறதில்லை. உங்களோடது நாளைக்கு..."

அப்போது வலி வந்தது. இடுப்பின் பின்பக்கம் கிளம்பி, சுற்றி வந்து, அடிவயிற்றைப் பிடித்து முறுக்கியது. அவள் கல்லாமேசையைப் பற்றிக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். வரிசையாகத் தொங்கிய டயர்கள் ஆடினாற்போல இருந்தது. வலி ஓய்ந்து நிமிர்ந்தபோது கடைக்காரர் ஏணி மேல் இருந்தார்.

"இந்தாங்க மேடம், எடுத்துட்டுப் போங்க. இங்க மட்டும் வேணாம்!"

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார். "சைக்கிளை ஸ்டாண்டுல விடுங்க சார்."

"இது பேஷண்டோட வந்தது" என்றான் கணவன், உண்மையாகவே.

பிறகு ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்தி, ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, அவன் அதைத் தள்ளிக்கொண்டு போனான். நடைபாதையில் இருந்தவர்கள் எழுந்து நின்று வழிவிட்டார்கள். ஒரு பெரியவர், "எத்தனை வயசுப்பா?" என்று துக்கத்தோடு விசாரித்தார். இந்தக் களேபரத்தில் கூடை கழன்று எங்கோ உருண்டது.

"ரெண்டாவதுதானே, சுலபமா வந்துடும்" என்று அவளிடம் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்களில் யாரும் வந்து படுக்கவில்லை. முதல் பிரசவத்தில் என்ன வரும் என்று தெரியாத பயம். இதில் என்ன வரும் என்று தெரிந்த பயம். அடுத்த வலி எங்கே கிளம்பும், எங்கே திரும்பும் என்று அவளுக்கு அத்துப்படி. ஆனால் அத்துப்படி என்பதால் வலி துளியும் குறைத்துக்கொள்ளவில்லை.

"தலை தெரியுது! இன்னும் ஒரு தடவை முக்குங்க!" என்றார் பெரிய நர்ஸ்.

"கூடை கிடைச்சுதா?"

"என்னம்மா?"

"கூடை... முன்னாடி... அவர்கிட்ட கேளுங்க!"

பெரிய நர்ஸ் சின்ன நர்ஸிடம், "வலியில அப்படித்தான் பேசுவாங்க" என்றார். ஆனாலும் சின்ன நர்ஸ் கதவைத் திறந்து கேட்டுவிட்டு வந்தாள்.

"பேண்டேஜ் துணி வெச்சுக் கட்டிட்டாராம்மா."

அவள் பல்லைக் கடித்தாள். உலகத்தில் இருந்த மூச்சையெல்லாம் இழுத்தாள். அதற்குப் பிறகு கூடை இல்லை, கடை இல்லை, புகார் இல்லை. ஒரு வழுக்கல். ஒரு நொடி மௌனம். பிறகு, வந்து சேர்ந்த இடம் பிடிக்காத ஒரு வாடிக்கையாளரின் முதல் அலறல்.

பையன். மார்பில் போட்டார்கள். சூடாக, ஈரமாக, கோபமாக இருந்தான். அவள் முதலில் தொட்டுப் பார்த்தது அவனுடைய கெண்டைக்காலை.

சாயங்காலம் மாமியாரும் பெரியப்பாவும் மகளை அழைத்து வந்தார்கள். கட்டிலில் அம்மா, பக்கத்தில் பாப்பா, சுவரோரம் பேண்டேஜ் கட்டிய கூடையோடு சிவப்பு சைக்கிள், அதன் பக்கத்தில் பேண்டேஜ் கட்டிய விரலோடு அப்பா.

மகள் பாப்பாவைப் பார்க்கவில்லை. நேராக சைக்கிளிடம் போனாள். சுற்றி வந்தாள்.

"ஏன் ஈரமா இல்ல?"

"நான்தான் துடைச்சேன்" என்றார் பெரிய நர்ஸ். இதற்குள் ஆஸ்பத்திரி முழுக்க ஒரே கட்சி ஆகியிருந்தது.

மகள் குனிந்தாள். பின்சக்கரத்து மட்கார்டில் ஒரு ஸ்டிக்கர். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தாள். அந்த வயதில் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு தவறு என்று கணவன் அப்போது உணர்ந்தான்.

"இது நம்ம தெருமுனைக் கடை பேரு."

மகள் கட்டிலுக்கு அருகே வந்து அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அம்மா. நீதானே வாங்கின?"

புகார்ப் பிரிவில் இதற்கெல்லாம் பதில் உண்டு. எத்தனையோ பதில் உண்டு. ஆனால் தேன் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"ஆமாடா" என்றாள். கண் நிரம்பிவிட்டது. "நான்தான் வாங்கினேன். வயித்துக்குள்ளேயிருந்து சைக்கிள் வராது. எந்தச் சாமானும் வராது. பாப்பா மட்டும்தான் வரும். வெறுங்கையோடதான் வந்திருக்கான். நீ அவனைக் கடிச்சிடுவியோன்னு பயந்துட்டேன்."

மகள் பாப்பாவின் கையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"எனக்கு அப்பவே தெரியும்மா" என்றாள் மகள், விரலை இழுத்துக்கொள்ளாமல். "தண்ணிக்குள்ள இருந்தா செயின் துருப்பிடிச்சிடும்ல? நீ சந்தோஷமா சொன்னியேன்னுதான் விட்டுட்டேன்." பிறகு பாப்பாவைப் பார்த்து, "பல்லே இல்ல. இவனைப் போய் யாரு கடிப்பா? இருக்கட்டும்."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். கணவன் சிரித்தான். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கவே தெரியாத டாக்டரம்மாகூட வாசலில் நின்று சிரித்தார்.

சுவரோரம் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. உயிரியல் ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். தம்பியை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். பிறகு மெல்லத் தன் தாய் பக்கம் திரும்பி, உடைந்த குரலில் கேட்டார்:

"அம்மா... அப்ப என் ரயிலு?"