பார்சல் அண்ணாச்சியும் பயணிகள் மட்டும் படகும்

திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே ஓடுகிற லாரிகள் அத்தனையும் சேர்ந்து சுமந்ததைவிட, பார்சல் அண்ணாச்சி ஒருவர் சுமந்தது அதிகம். மிகை என்று நினைப்பவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரம் தம்பானூரில் எங்கள் லாட்ஜுக்கு வந்து, இரண்டாவது மாடி வராந்தாவில் நின்று பார்த்திருக்க வேண்டும். நிற்க இடம் கிடைத்திருந்தால்.

அந்த லாட்ஜில் மாத வாடகைக்கு இருப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்ப்பக்கம். ஓட்டல் வேலை, கட்டட வேலை, துணிக்கடை வேலை. நான் ஒருவன்தான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். மனைவியும் மகளும் நாகர்கோவிலில். பக்கத்து அறை அண்ணாச்சி, தெருமுனை ஓட்டலில் வடை, பஜ்ஜி, மிக்சர் போடுகிற சரக்கு மாஸ்டர். ஊரில் அவருக்கு ஓர் அக்கா மட்டும். சனிக்கிழமை தவறாமல் அக்காவைப் பார்க்கப் போவார், ஞாயிற்றுக்கிழமை திரும்புவார். போகிறவர் கையில் எதையாவது கொடுத்தனுப்புவது எங்கள் ஊர் வழக்கம். அண்ணாச்சி அந்த வழக்கத்தை ஒரு சர்வீஸாகவே நடத்தினார். கூலி கிடையாது. ஒரு டீகூட வாங்கிக் கொடுக்க முடியாது.

என்னென்ன போகும்? நேந்திரங்காய் சிப்ஸ், கைலி, மருந்து, பிரஷர் குக்கர், பிள்ளையின் சைக்கிள் சீட்டு. ஒருமுறை மணி அடிக்கிற சுவர்க் கடிகாரம் ஒன்று. கால் மணிக்கொரு தரம் அது பைக்குள்ளிருந்து அடிக்க, யாரோ பெல் அடிக்கிறார்கள் என்று நினைத்துக் கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். அதை நிறுத்திவிட்டால் என்ன என்று நான் கேட்டதற்கு, "ஓடுத நெலமையில குடுத்தாவ, ஓடுத நெலமையிலதான் சேக்கணும் சாரே" என்றார்.

அவருக்கு இரண்டு சட்டங்கள். முதலாவது, யாருக்கு என்று சொன்னார்களோ அவர் கையில்தான் கொடுப்பார். இரண்டாவது, பொருள் சரியாக இருக்கிறது என்று அவர் கண்ணெதிரிலேயே நிரூபிக்க வேண்டும். லாட்ஜ் மேனேஜர் மலையாளி. அவருடைய மாமனார் மார்த்தாண்டத்தில் மகனோடு இருந்தார். கிழவரின் பல்செட்டை இங்கே சரி செய்து அண்ணாச்சியிடம் கொடுத்தனுப்பினார்கள். அண்ணாச்சி அதைக் கொடுத்துவிட்டு வந்தாரா? கிழவரை மாட்டச் சொல்லி, மடியிலிருந்து ஒரு கைமுறுக்கை எடுத்து நீட்டி, "கடிச்சுக் காட்டும்வே" என்று எதிரே உட்கார்ந்துவிட்டார். கிழவர் கடித்தார். முறுக்கும் உடைந்தது, பல்லும் தாங்கியது. அதன் பிறகுதான் பஸ் ஏறினார்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில்தான் அந்தப் படகு குறுக்கே வந்தது.

திருவனந்தபுரத்தை ஒட்டிய விழிஞ்ஞத்திலிருந்து நாகர்கோவில் பக்கத்துக் குளச்சலுக்குப் புதிதாக அதிவேகப் படகு விட்டார்கள். குளிர்சாதனம், சாய்ந்து உட்காரும் இருக்கை, கண்ணாடி வழியாகக் கடல். பாலராமபுரத்திலும் நெய்யாற்றின்கரையிலும் பஸ்ஸுக்குள் வெந்துகொண்டு நிற்கிற நேரத்தில் குளச்சலில் இறங்கிவிடலாம். ஆனால் டிக்கெட் பஸ்ஸைப் போல மூன்று மடங்கு. அது முதலாகுமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்பதுதான் ஒரு மாதத்துக்கு எங்கள் லாட்ஜின் ஒரே பேச்சு. துணிக்கடைப் பையன்கள் "ஏசியில போலாம்லா" என்றார்கள். கட்டட மேஸ்திரி, "கடல்ல பஞ்சர் ஆனா எறங்கி நடக்க முடியுமாவே?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தார். மேனேஜர், "காசு கூடுதலாணு, பட்சே நேரம் லாபமல்லே?" என்று இரண்டு பக்கமும் தலையாட்டினார். நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்து, விழிஞ்ஞம் போகிற ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்பார் என்பது தெரியாமல் பாதியில் விட்டேன்.

அண்ணாச்சி பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அந்தச் சனிக்கிழமை பதினான்கு உருப்படிகளோடு நேரே விழிஞ்ஞம் போய்விட்டார்.

டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று எண்ணினாளாம். "சேட்டா, இது பாசஞ்சர் மாத்ரமாணு. லக்கேஜ் பற்றில்லா. ஒரு கைப்பை கொண்டுபோகாம், அத்ரதன்னே." சுமைக்கு இடமில்லை, ஆளுக்கு ஒரு கைப்பைதான் என்கிறாள்.

"அப்பம் இதெல்லாம்?"

"அதினு வேற வண்டி நோக்கணும்."

"நான் ஒருத்தன் மட்டும் போறதுக்கா இவ்வளவு பெரிய போட்டு?"

அவருக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை. திரும்பி வந்து வராந்தாவில் நின்று தீர்ப்புச் சொன்னார்: "வெறுங்கையோட போற மனுசனுக்கு எதுக்கு சாரே வேகம்? அவன் சீக்கிரம் போய் என்ன செய்யப் போறான்?" எனக்குத் தெரிந்து உலகத்தில் எந்தப் போக்குவரத்து நிபுணரும் இப்படிக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் அவர் தோற்றத்தில் ஒரு செழிப்பு தெரிந்தது. மூன்று சட்டை போட்டிருந்தார். ஒவ்வொரு சட்டைக்கும் நடுவில் ஒரு வரிசை உருப்படி. கவுண்டரைத் தாண்டிவிட்டார். படகுக்குள் கால் வைக்கும் முன் எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டினார்கள். அண்ணாச்சிக்கு அது பூட்டவில்லை. ஊழியர் ஒருவர் வாரைப் பிடித்து இழுத்தார்; உள்ளே ஏதோ நொறுங்கியது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். மிக்சர் வாசனை வந்தது. "சேட்டா, வயறு பொட்டியோ?" என்று, வயிறுதான் வெடித்துவிட்டது என நினைத்து அவர் பதறிப் போனாராம். பயணிகள் சிரிக்கச் சிரிக்க அண்ணாச்சியை இறக்கிவிட்டார்கள். அதோடு அந்தப் படகோடு அவருக்குப் பேச்சுவார்த்தை முறிந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். இதில் கோமாளி நான்தான்.

என் மகள் அபிராமிக்கு நர்சிங் படிக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே ஆசை. மே மாதத்தில் ஒரு புதன்கிழமை, நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் அவளைச் சேர்க்கைக்கு அழைத்திருந்தார்கள். அசல் மதிப்பெண் சான்றிதழைப் பன்னிரண்டு மணிக்குள் காட்ட வேண்டும், இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் அடுத்த பெண்ணுக்கு இடம் போய்விடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. நான் லீவு போட்டு முதல் நாளே ஊர் வந்திருந்தேன். ஒன்பது மணிக்கு வரிசையில் நின்றுகொண்டு கோப்பைத் திறந்தேன். சாதிச் சான்றிதழ் இருந்தது. மாற்றுச் சான்றிதழ் இருந்தது. கேஸ் கம்பெனி ரசீதுகூட இருந்தது. மதிப்பெண் சான்றிதழ் இல்லை. ஆபீஸில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உதவித்தொகைக்குக் காட்ட வேண்டும் என்று நான்தான் அதைத் திருவனந்தபுரம் கொண்டுபோய், லாட்ஜ் அறை மேஜையில் பத்திரமாக வைத்திருந்தேன். அவ்வளவு பத்திரம்.

அபிராமி என்னைத் திட்டவில்லை. "பரவால்லப்பா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அடுப்பில் எண்ணெய் கொதிக்கும் சத்தம் கேட்டது. நான் சொல்லி முடிக்கும் முன்பே அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

"பாப்பா படிப்பா? எங்க இருக்கு?"

"மேஜை மேல, நீலக் கவர். சாவி மேனேஜர்ட்ட இருக்கு. ஆனா அண்ணாச்சி, பஸ்ல வந்தா பன்னெண்டுக்குள்ள…"

"பஸ்ஸுல எவன் வாறான்? போனை வைங்க சாரே."

மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. கொண்டுபோகும்போது பேசக் கூடாது என்பது அவர் கொள்கை. அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தில் நான் கல்லூரி வாசலில் நடந்த தூரத்துக்குக் குளச்சலே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். வாணலியில் இருந்த வடையை யாரோ ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அரைத்த மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடியிருக்கிறார். கவரை எடுத்துப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் விழிஞ்ஞம் சேர்ந்தபோது படகில் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்களாம். கவுண்டரில் அதே பெண்.

"சேட்டா, இன்னு எத்ர ஷர்ட்டாணு?"

அண்ணாச்சி சட்டையைத் தூக்கிக் காட்டினார். வயிற்றோடு ஒட்டி ஒரே ஒரு பொட்டலம். "ஒரு பாப்பாவுக்க படிப்பு இதுக்குள்ள இருக்கு மோளே. பன்னெண்டு மணிக்கு முன்ன குடுக்கணும்."

அவள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி, "நில்லு! ஒராளு கூடி உண்டு!" என்று படகுக்காரர்களை நோக்கிக் கத்தியிருக்கிறாள். அந்தப் பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. நன்றாக இருக்கட்டும்.

பன்னிரண்டுக்குப் பதினைந்து நிமிடம் இருக்கையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அண்ணாச்சி இறங்கினார். பனியன் மேல் ஒரு சட்டை, மாவு படிந்த கைலி, தலைமுடி முழுக்கக் கடல் காற்று. ஓடிப் போய்க் கையை நீட்டினேன்.

அவர் பொட்டலத்தைப் பின்னால் கொண்டுபோனார். "பாப்பா எங்க?"

"உள்ள இருக்கா. குடுங்க அண்ணாச்சி, நேரம் போகுது!"

"பேரு பாப்பாவுக்கதுல்லா. பாப்பா கையிலதான் குடுப்பேன்."

"நான் அவ அப்பன்வே!"

"இருக்கட்டும்."

அவரோடு கேட்டுக்குள் நுழையப் போனால் காவலாளி மறித்தார். மாணவியின் உறவினர் மட்டும்தான் உள்ளே போகலாம். பெயரும் உறவும் எழுத வேண்டும். நோட்டை என்னிடம் நீட்டினார். பேனாவைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருடம் பக்கத்து அறை. என் மனைவிக்கு மருந்தும், மகளுக்குப் பள்ளிக்கூடப் பையும் இவர் கையில்தான் போயிருக்கின்றன. இவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது. பெயர் இருக்கும் இடத்தில் 'அண்ணாச்சி' என்றும், உறவு இருக்கும் இடத்தில் 'அண்ணன்' என்றும் எழுதினேன். காவலாளி அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், என்ன தோன்றியதோ, விட்டுவிட்டார்.

அபிராமி கையில் பொட்டலம் சேர்ந்தபோது ஒன்பது நிமிடம் பாக்கி. ஆனால் அது ஓட்டல் பார்சல். சரக்கு மாஸ்டர் கட்டிய பார்சல். வெளியே செய்தித்தாள், அதற்குள் பிளாஸ்டிக், அதற்குள் வாழையிலை, அதற்குள் நீலக் கவர், எல்லாவற்றுக்கும் மேல் பத்துச் சுற்று நூல். சாம்பார் ஒரு சொட்டுக்கூட வெளியே வராத கட்டு. சான்றிதழ் எப்படி வரும்? அபிராமி நகத்தால் பிரித்தாள், நான் பல்லால் கடித்தேன். சரிபார்க்கும் அதிகாரி அம்மாள் கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்து, "மத்தியானச் சாப்பாடெல்லாம் வெளிய போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

"மார்க் ஷீட் மேடம்" என்று என் மகள் அழுகிற குரலில் சொன்னாள்.

அந்த அம்மாள் மேஜை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். கடைசி நூல் அறுந்தது. ஒரு மூலைகூட மடங்காமல், ஒரு துளி ஈரம் படாமல், உளுந்தவடை வாசனையோடு சான்றிதழ் வெளியே வந்தது. அதிகாரி அதை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். "சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க" என்று கதவோரத்திலிருந்து அண்ணாச்சி சொன்னார். அபிராமி பார்த்தாள். பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அண்ணாச்சிக்கு மட்டும் எதற்காக எல்லோரும் அழுகிறோம் என்று புரியவில்லை. வடை போடத் திரும்பிப் போகத் தாமதமாகிறதே என்ற கவலைதான் அவர் முகத்தில் இருந்தது.

வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டோம். என் மனைவி மூன்றாம் முறை சோறு வைக்கும்போது கேட்டேன்: "போட்டு எப்படி அண்ணாச்சி இருந்திச்சு? காசு முதலாகுமா?"

"நான் எங்க பாத்தேன்? வயித்தைப் பிடிச்சிட்டே இருந்தேம்லா."

அவ்வளவு கண்ணாடி, அவ்வளவு கடல், ஒரு மணி நேரம். மனிதர் ஒரு முறைகூடத் தலையைத் தூக்கவில்லை.

அன்று மூன்று பேருமாக அவரைக் குளச்சலுக்கு அழைத்துப் போனோம். நான்கு மணிப் படகுக்கு நானே டிக்கெட் எடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றார். "போறப்போ லாட்ஜுக்கு எதுனா குடுத்து விடணுமா?" என்று என் மனைவியிடம் இரண்டு தடவை கேட்டார். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நீங்க மட்டும் நல்லபடியா போய்ச் சேந்தாப் போதும்" என்றாள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறினார். மிதவைச் சட்டை இந்தமுறை சரியாகப் பூட்டியது.

படகு கிளம்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து பின்பக்கத்துத் தளத்துக்கு வந்தார். அபிராமி கையசைத்தாள். அவரும் அசைத்தார், இரண்டு கைகளாலும், சின்னப் பிள்ளை மாதிரி. பதினோரு வருடத்தில் அவர் கையசைத்து நான் பார்த்ததே இல்லை. அந்தக் கைகள் இரண்டும் எப்போதும் எங்கள் யாருடைய பொருளையாவது பிடித்துக்கொண்டிருந்தன.

இந்தப் பத்திரிகைக்கு வாசகர் ஒருவர் அந்தப் படகுக் கட்டணம் முதலாகுமா என்று கேட்டு எழுதியிருந்தார். போகும்போது என்னவோ தெரியாது ஐயா. எங்கள் அண்ணாச்சியை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பியதற்கு, இன்னும் எவ்வளவு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.