சலவை அறையில் எழுதப் பழகியது குறித்து என் நாத்தனாருக்கு

அன்புள்ள பெர்னிலா அண்ணி அவர்களுக்கு,

மால்மோவிலிருந்து உங்கள் தம்பி மனைவி இல்வா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பி யோவாகிமும் எட்டு மாதக் குழந்தை சிக்னேவும் நலம். சிக்னேவுக்கு மட்டும் இடது காதுக்குப் பின்னால் ஒரு சிவப்புத் தடிப்பு. செவிலியர் ஒன்றுமில்லை என்கிறார். அவர் அதைச் சொன்ன வேகம்தான் எனக்குத் திருப்தியாக இல்லை. உங்கள் நலத்தைத் தனியாக விசாரிக்கவில்லை. நீங்கள் காலையில் கடித்த ரொட்டி முதல் மாலையில் பார்த்த சூரியன் வரை எல்லாம் உங்கள் வலைப்பூவில் படங்களோடு வந்துவிடுவதால், நாற்பதாயிரம் பேரோடு சேர்ந்து நானும் தெரிந்துகொள்கிறேன்.

ஆகஸ்டில் உங்கள் தீவு வீட்டில் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு நண்டு தின்றோமே, அந்த விருந்துக்கு நன்றி சொல்லவே இந்தக் கடிதம். மூன்று மாதம் தாமதமாகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம், அந்த விருந்தில் என் பிறந்தநாளுக்கென்று நீங்கள் கொடுத்த பரிசுதான். எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கண்ணாடிக் கோப்பையைக் கரண்டியால் தட்டிவிட்டு, "இல்வாவுக்கு எழுத்து வருது, பழக்கம்தான் இல்ல" என்று அறிவித்து, உங்களுடைய 'நாற்பது நாளில் நல்ல எழுத்துப் பழக்கம்' பாடப் புத்தகத்தைக் கையில் திணித்தீர்களே, அதுதான். அப்போது என் வலைப்பூவைப் படித்தவர்கள் பதினொரு பேர். அதில் என் அம்மாவே இரண்டு பேர். கைபேசியில் ஒருவர், கணினியில் ஒருவர். ஆகவே நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் பாடம், "தினமும் ஒரே நேரம், ஒரே இடம், மூடிய ஒரு கதவு." அண்ணி, எந்தக் கதவு? உங்களுக்குப் படகு வீட்டில் தனி அறை இருக்கிறது, கடல் பக்கம் ஜன்னல் இருக்கிறது, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் இருக்கின்றன. எங்கள் இரண்டு அறை வீட்டில் மூடக்கூடிய ஒரே கதவு குளியலறைக் கதவு. அதுவும் அணையாடைத் தொட்டி இடிப்பதால் பாதிக்கு மேல் மூடாது. நான் நான்கு நாள் யோசித்தேன். இந்தக் கட்டடத்தில் கதவு பூட்டும், வெளிச்சம் இருக்கும், கதகதப்பாக இருக்கும், துணி மடிக்க நீளமான மேசை இருக்கும், நம்முடைய நேரத்தில் வேறு ஒரு உயிர் உள்ளே காலை வைக்கத் துணியாது, அப்படி ஓர் இடம் இருக்கிறது. அடித்தளத்தில் இருக்கும், எல்லா வீட்டுக்கும் பொதுவான சலவை அறை. முன்பதிவுப் பலகையில் எங்கள் வீட்டு எண் பொறித்த சின்னப் பூட்டை மாலை ஐந்திலிருந்து எட்டு வரையுள்ள துளையில் மாட்டினேன்; மாட்டினால் அந்த நேரம் அறை நமக்கு. அந்த நேரம் முடிந்ததும் பூட்டை எடுத்து மறுநாள் அதே துளையில் மாட்டினேன். விதியில் இதற்குத் தடை இல்லை, யாரும் இதுவரை இப்படிச் செய்ததில்லை என்பதால் தடை போடக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தோன்றவில்லை.

யோவாகிம் ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வேலையிலிருந்து வருவான். குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் கணினியோடு இறங்கிவிடுவேன். துவைக்கத் துணியில்லாமல் சலவை அறையில் உட்கார்ந்திருப்பதை இந்த ஊரில் யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தாழ்வாரத்தில் போகிறவர்களுக்குச் சத்தம் கேட்கட்டும் என்று வெறும் இயந்திரத்தைச் சுற்றவிட்டேன். இரண்டு நாளில் மனசாட்சி குத்தியது. அத்தை பின்னிக்கொடுத்த மூன்று கம்பளிப் போர்வைகளை உள்ளே போட்டேன். மறுநாளும் அவற்றையே போட்டேன். எழுத்தில் ஆழ்ந்திருந்ததால் ஒரு நாள் வெந்நீர்ப் பொத்தானை அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. அந்த வாரக் கடைசியில் யோவாகிம் ஒரு போர்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது ஏன் இவ்ளோ சின்னதாச்சு?" என்றான். "சிக்னே வளர்றா" என்றேன். அவன் போர்வையைச் சிக்னேவின் மேல் வைத்து அளந்து பார்த்தான்.

"ஒரு மணி நேரம் குறுக்கீடு இல்லாமல்" என்றும் பாடத்தில் போட்டிருக்கிறீர்கள். குழந்தைக் கண்காணிப்புக் கருவி அடித்தளம் வரை எட்டாது. ஏழு நிமிஷத்துக்கு ஒருமுறை நான் யோவாகிமைக் கைபேசியில் கூப்பிடுவேன்.

"மூச்சு விடறாளா?"

"கத்திக்கிட்டு இருக்கா, இல்வா. மூச்சு விடாம யாராவது கத்துவாங்களா?"

"எந்த மாதிரி கத்தறா?"

"உன்னை மாதிரி."

இப்படியாக உங்கள் நாற்பது நாளில் பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் ஐந்து மணிக்கு நான் கீழே போனபோது சலவை அறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கையெழுத்து இல்லை, பெயர் இல்லை, எல்லாம் பெரிய அச்செழுத்து. "சலவை அறை சலவைக்கு." அவ்வளவுதான். சீட்டைப் பிய்த்துக் கையில் எடுத்தேன். ஆனால் அண்ணி, அந்த ஆத்திரத்திலும் ஒன்று கவனித்தேன்: மூன்றே வார்த்தை. பத்து வாக்கியத்தில் மூன்றை வெட்டு, அடைமொழிகளைக் களையெடு என்று நீங்கள் பதினெட்டுப் பக்கத்துக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தீர்கள். இந்த ஆள் ஏற்கெனவே வெட்டி முடித்துவிட்டு வந்து நிற்கிறார்.

மறுநாள் "அழுக்குத் துணி இல்லை" என்று ஒரு சீட்டு. அதற்கடுத்த நாள், "மூன்று போர்வை. ஒன்பதாம் முறை." ஒரு நாள் தவறவில்லை. தினமும் ஒரே நேரம், ஒரே கதவு. ஒரே ஒரு வாசகரை மனதில் வைத்து எழுது என்கிறீர்களே, இவருக்கும் ஒரே வாசகர்தான், நான். உங்களுடைய எல்லாப் பழக்கமும் இவரிடம் இருந்தது, உங்கள் பாடம் மட்டும்தான் இல்லை. நானோ உள்ளே உட்கார்ந்து 'தாய்மையின் மென்மையான, மௌனமான, மஞ்சள் நிறக் காலைகள்' என்று எழுதி, மென்மையை வெட்டி, மௌனத்தை வெட்டி, மஞ்சளையும் வெட்டியபின் காலை மட்டும் மிச்சமிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து உங்கள் ஐந்தாம் பாடம்: "சுடுவதை எழுதுங்கள், அக்கம்பக்கத்தாருக்குப் பயப்படாதீர்கள்." நீங்கள் இருக்கும் தீவில் அக்கம்பக்கம் என்பது இரண்டு ஆடு. எனக்கு எழுபத்திரண்டு குடும்பம். ஆனாலும் பரிசாயிற்றே என்று கீழ்ப்படிந்தேன். சீட்டுகளைப் படமெடுத்து வலைப்பூவில் போட்டு, இதை எழுதும் கோழை யார் என்று கேட்டேன். ஒரே வாரத்தில் பதினொரு பேர் அறுநூறு பேரானார்கள். நான் எழுதியதை ஒருவரும் சீண்டவில்லை, எல்லோருக்கும் சீட்டுதான் வேண்டியிருந்தது. ஒரு பின்னூட்டம் இப்படி வந்தது: "உங்கள் பகுதியைக் குறைத்துச் சீட்டுகளை அதிகம் போடுங்கள்." அதற்கு எண்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். என் அம்மாவும், இரண்டு இடத்திலிருந்தும்.

கடைசிச் சீட்டு முப்பத்தோராம் நாள் வந்தது. "மேலே யாரோ அழுகிறார்கள். குழந்தை மட்டும் அல்ல." குழந்தை அழுகிறது என்று புகார் சொல்லும் அளவுக்குப் போய்விட்டார்களே என்று எனக்குக் கொதித்தது. கொதித்துக்கொண்டே, நான் பழகி எழுதியதில் இந்த ஒன்றுக்கு நிகராக எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது. அது இன்னும் கொதித்தது. எழுதுவது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குடியிருப்போர் சங்கத் தலைவி பார்ப்ரூ அம்மாள்தான். முப்பது வருஷம் துறைமுகச் சுங்கத்தில் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர். உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் விரலளவு பஞ்சு இருந்தாலும் அது யார் வீட்டுத் துணி என்று சொல்லக்கூடியவர்.

அவரிடமிருந்து வேறொரு காகிதம் வந்தது, இது கையெழுத்தோடு. சலவை அறையைச் சலவையல்லாத காரியத்துக்குப் பயன்படுத்தியதாகவும், கட்டடத்தை அறுநூறு பேருக்குக் காட்டிக்கொடுத்ததாகவும் என்மேல் புகார். வியாழக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகுமாம். மூன்று மாதத்துக்கு எங்கள் பூட்டைப் பலகையிலிருந்தே எடுத்துவிடலாமாம். அண்ணி, எட்டு மாதக் குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை சட்டை கக்கும் என்று உங்களுக்கு மறந்திருக்கும். நான் எண்ணினேன். ஆறு. மூன்று மாதத்துக்கு இதை முகம் கழுவும் தொட்டியில் அலசினால் தடிப்பு காதோடு நிற்குமா? அந்த வாரம் முழுவதும் நான் தூங்கவில்லை.

கூட்டத்தில் காப்பியும் ஏலக்காய்ப் பன்னும் வைத்திருந்தார்கள். யோவாகிம் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பார்ப்ரூ அம்மாள் புகாரைப் படித்து முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா மூணு வாரமா பேரில்லாம சீட்டு எழுதி ஒட்டினீங்களே, அது மட்டும் சரியா? அழற குழந்தையைக்கூட விடலையே நீங்க!"

"நானா?" பார்ப்ரூ அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தா பாரும்மா, சொல்லணும்னா மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு நான். சீட்டு எழுதி ஒட்டற ரகம் இல்ல. உன் போர்வைய எண்ணறதுக்கு எனக்கென்ன வேற வேலையில்லையா?"

"அப்போ யாரு?"

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. யோவாகிம் எழுந்து நின்றான். குழந்தை தலையைத் தடவிக்கொண்டே, "நான்தான்" என்றான்.

பார்ப்ரூ அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"உன் பொண்டாட்டிக்கா எழுதின?"

"ஆமா. சைக்கிள கீழ வெக்கும்போது ஒட்டிட்டுப் போயிடுவேன்."

"ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

"ஆமா."

"சாப்பிடற மேசையில உக்காந்து சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்னு பார்த்தேன். சங்கடமா இருந்துச்சு."

வேறு எந்த நாட்டிலாவது இதற்குக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். இங்கே எழுபது தலையும், அதுவும் நியாயந்தானே என்பதுபோல ஆடின. மூன்றாம் மாடிக்காரர் அவனுக்கு இன்னொரு பன் எடுத்துக் கொடுத்தார். குடும்ப விவகாரத்தில் சங்கம் தலையிடாது என்று பார்ப்ரூ அம்மாள் தீர்ப்புச் சொன்னார். பூட்டு எங்களிடமே இருக்கலாம். ஆனால் மாலை ஐந்து மணித் துளை எங்களுக்கு ஒரு வருஷத்துக்குக் கிடையாது. துணி தோய்ப்பதென்றால் சனிக்கிழமை காலை ஏழு மணி, வேறெதற்கும் வரவே கூடாது. சிக்னேவின் சட்டைகள் பிழைத்தன. என் மூடிய கதவு போயிற்று.

மாடிப்படி ஏறும்போது நான் அவனைச் சும்மா விடவில்லை.

"உன்னைக் கோழைன்னு அறுநூறு பேருக்கு முன்னால என்னை எழுத வெச்சியே, அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"கோழைன்னு நீ எழுதினது என்னை. சரியாத்தான் எழுதியிருந்த." இரண்டு படி ஏறினான். "நான் வர்றப்போ நீ எறங்கற, நீ ஏர்றப்போ நான் தூங்கிடறேன். நீ எப்படி இருக்கன்னு வலைப்பூவைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கறேன். அழுகையில பாதி என்னோடதுடி."

"படிக்கறியா? அப்போ நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை எழுதினியா?"

"எழுதினேனே. சீட்டு அதிகம் போடுங்கன்னு."

உங்கள் குடும்பத்துக்கே இந்த வியாதி இருக்கிறது, அண்ணி. ஒருத்தர் ஊரைக் கூட்டிக் கரண்டியால் தட்டிச் சொல்வார், இன்னொருத்தர் கதவில் ஒட்டுவார். எதிரில் உட்கார்ந்து சொல்லும் ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாடம் படிக்காத உங்கள் தம்பி, அழுகிற குழந்தையை இரண்டு நிமிஷத்தில் தூக்கப்போகிற அவசரத்தில், சைக்கிள் சீட்டில் தாளை வைத்து எழுதியது, நான் நாற்பது நாள் நேரம் பார்த்து, இடம் பார்த்து, கதவைப் பூட்டி எழுதிய அத்தனையையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஏனென்றால் அவனுக்கு ஒருத்தியிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. எனக்கு உங்கள் பாடம் இருந்தது. பாடத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அடுத்த விருந்தில் வேறு யாருடைய கையிலாவது திணித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் ஐந்திலிருந்து ஆறு மணி வரை அவன் குழந்தையை வண்டியில் வைத்துக் கால்வாய் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அந்த ஒரு மணி நேரம் என்னுடையது. அதில் நான் தூங்கப்போகிறேன். வலைப்பூவை மூடிவிட்டேன், இந்த ஜென்மத்தில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். இதெல்லாம் நம் குடும்பத்துக்குள் இருக்கட்டும். உங்களிடம் மட்டும் என்று நினைத்துத்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுதினேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றும் முதல் ஞாயிறு நெருங்குகிறது. உங்கள் வீட்டில் வெளிச்சமும் கதகதப்பும் குறைவில்லாமல் இருக்கட்டும். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அத்தையிடம் போர்வைகள் பத்திரமாக இருக்கின்றன என்று மட்டும் சொல்லுங்கள். அளவைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
அன்புள்ள
இல்வா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை எழுத ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் தினமும் ஒரு பக்கம்தான் வந்தது, ஆறு நாள் பிடித்தது. யோவாகிமிடம் காட்டினேன், பத்துக்கு மூன்று வாக்கியம் வெட்டினான், தன்னுடைய பேச்சில் மட்டும் கைவைக்கவில்லை. பிறகு இதை அஞ்சலில் போடுவதற்கு முன்னால், சும்மா பார்க்கலாமே என்று வலைப்பூவைத் திறந்து அப்படியே ஏற்றினேன். நேற்று இரண்டாயிரத்து நூறு பேர் படித்துவிட்டார்கள், பார்ப்ரூ அம்மாள் உட்பட. பாதிப் பேர் உங்கள் பதில் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். ஆகவே பாடத்தைத் திருப்பி அனுப்பவில்லை. ஆறாம் பாடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பதிலைச் சீக்கிரம் எழுதுங்கள் அண்ணி, கொஞ்சம் கோபமாகவே எழுதுங்கள். அடைமொழி மட்டும் வேண்டாம்.